உழைக்கும் ஊர் மட்டாஞ்சேரி

ஊர்களில் பார்க்கத் தகுந்த ஊர் என்றும் பிழைக்கத் தகுந்த ஊர் என்றும் இரு வகை உண்டு. முதல் வகை ஊருக்கு மக்கள் விடுமுறையில் செல்வர். இரண்டு நாள் தங்கிப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவர். இரண்டாம் வகை ஊருக்குப் பெட்டி படுக்கையுடன் செல்வர். திரும்பும் நாளைக் குறித்துக்கொண்டு செல்வதில்லை. நம் சங்கத்துக் குடும்பங்களில் பெரும்பாலானவை இவ்வாறே கொச்சிக்கு வந்தவை. மட்டாஞ்சேரியோ இரு வகையிலும் சேர்ந்த ஊர். அதன் முதல் வகைச் சிறப்பைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டனர். இரண்டாம் வகைச் சிறப்பைப் பற்றிச் சிறிது எழுத விரும்புகிறேன்.

அதற்கு ஒரு காரணமும் உண்டு. சென்ற ஆண்டு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து என் தமக்கையார் தொலைபேசியில் பேசினார். அவருடைய மகன் வணிகவியல் படித்து முடித்து ஓராண்டு ஆகியிருந்தது. மட்டாஞ்சேரியில் ஒரு நறுமணப் பொருள் கிட்டங்கியில் கணக்கு எழுதும் வேலை இருப்பதாக ஊரார் ஒருவர் சொல்லியிருந்தார். கணவரை இழந்தவர் என் தமக்கை, ஒரே பிள்ளை. "தம்பி, நீ எறணாகுளத்திலே இத்தனை வருஷமா இருக்கே. நேரிலே போய்ப் பார்த்துட்டுச் சொல்லு. அந்த ஊரு நல்ல ஊருதானா? பிள்ளையை அனுப்பலாமா?" என்று கேட்டார். ஒரு விதவைத் தாய் தன் ஒரே மகனைப் பற்றிக் கேட்கும் கேள்விக்கு அரண்மனையையும் சித்திரங்களையும் பற்றி விடை சொல்ல முடியாது. ஆகவே ஒரு வேலை நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு, மருமகன் அங்கே வாழப்போகிறான் என்ற எண்ணத்துடனேயே மட்டாஞ்சேரிக்குப் புறப்பட்டேன்.

உயர்நீதிமன்றத் துறையில் வாட்டர் மெட்ரோ ஏறினேன். 2023-இல் தொடங்கிய இப்படகுப் பணி வந்தபின் காயலைக் கடப்பது எளிதாகிவிட்டது. வழியில் ஒரு புறம் வல்லார்பாடம் சரக்குப்பெட்டி முனையத்தின் பெரிய பாரந்தூக்கிகள் தெரிந்தன. மறுபுறம் வில்லிங்டன் தீவு. இத்தீவின் பெரும்பகுதி மனிதர் ஆக்கியது. ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் காயலின் அடியைத் தோண்டி வழி செய்து, தோண்டிய மண்ணைக் கொட்டி இத்தீவை விரித்தார். 1928-ஆம் ஆண்டு மே மாதத்தில் 'பத்மா' என்னும் கப்பல் உள் துறைமுகத்தில் முதன்முதலாக நுழைந்தது. அதற்கு முன் பெரிய கப்பல்கள் வெளிக்கடலில் நிற்க, தோணிகள் சரக்கைச் சுமந்து சென்றன.

கொச்சித் துறை உண்டானதே ஒரு வெள்ளத்தால் என்பர். 1341-ஆம் ஆண்டில் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் பழைய முசிறித் துறையை மண்ணால் தூர்த்து, கொச்சியின் வாயைத் திறந்துவிட்டதாக வரலாற்றாசிரியர் கூறுவர். யவனர் பொன்னுடன் வந்து மிளகுடன் திரும்பிய முசிறியைச் சங்கப் புலவர் பாடியுள்ளனர் அல்லவா? அந்த மிளகு வணிகமே இடம் பெயர்ந்து இங்கே வந்தது. 1500-இல் போர்த்துக்கீசியர் வந்தனர். 1663-இல் டச்சுக்காரர் அவர்களை வென்றனர். 1795-இல் ஆங்கிலேயர் கைக்கு ஊர் மாறியது. அரசுகள் மாறின; மிளகு மூட்டை மாறவில்லை.

கோட்டைக் கொச்சித் துறையில் இறங்கி, கல்வத்திப் பாலத்தைக் கடந்து நடந்தால் பஜார் சாலை தொடங்குகிறது. இதுதான் மட்டாஞ்சேரியின் முதுகெலும்பு. சாலை குறுகியது. இரு புறமும் ஓட்டுக் கூரையுடைய பழைய கட்டடங்கள். கனமான மரக் கதவுகள். ஒரு வரிசைக் கட்டடங்களின் பின்புறம் காயலைத் தொட்டு நிற்கிறது. முற்காலத்தில் கெட்டுவள்ளங்கள் பின்வாசலில் வந்து சரக்கை இறக்கும். முன்வாசலில் வண்டிகள் ஏற்றிச் செல்லும். இப்பொழுது எல்லாம் முன்வாசல் வழியேதான். எதிரும் புதிருமாக இரண்டு லாரிகள் வந்துவிட்டால் நடப்பவர் கடைப்படியில் ஏறி நிற்க வேண்டியதே.

கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் எந்தக் கடை எதிரில் இருக்கிறது என்று மூக்கு சொல்லிவிடும். அரிசிக் கடையின் தூசி ஒரு வாடை. அதை அடுத்துச் சுக்கு. அப்பால் வற்றல் மிளகாய், தும்மல் தானே வருகிறது. பிறகு ஏலக்காய், கிராம்பு, சாதிக்காய். நம் நாட்டிலிருந்து வந்த சரக்குகளும் பல உண்டு. வற்றல் மூட்டைகளைப் பார்த்தபொழுது விருதுநகர் நினைவும், ஏலக்காயைப் பார்த்தபொழுது போடிநாயக்கனூர் நினைவும் வந்தன. மேற்குத் தொடர்ச்சி மலை இரு நாடுகளையும் பிரிக்கிறது என்று பாடநூலில் படித்தோம். ஏல வணிகருக்கு அந்த மலைதான் தோட்டம். இரு பக்கமும் அவருக்கு வாசல்.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. புதிதாக வரும் நம்மவர் கடையில் மிளகு கேட்டால் மிளகாயைக் காட்டுவர். மலையாளத்தில் 'முளகு' என்றால் மிளகாய். மிளகுக்குக் 'குருமுளகு' என்று பெயர். கடல் கடந்து வந்த மிளகாய், மண்ணுக்குரிய மிளகின் பெயரையே பறித்துக்கொண்டுவிட்டது. மொழி தெரியாதவன் வணிகத்தில் இறங்கினால் முதல் நாளே இந்தப் பாடத்தைக் கற்பான்.

என் தமக்கைக்குச் செய்தி சொன்ன ஊரார் வழியாக, கிட்டங்கி ஒன்றில் நாற்பது ஆண்டுகளாக வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரைக் கண்டேன். தூத்துக்குடிப் பக்கத்தவர். "அண்ணாச்சி" என்று அழைத்ததுமே முகம் மலர்ந்தது. "உள்ளே வாங்க தம்பி. வெளியே நின்னு பார்த்தா கட்டடந்தான் தெரியும், உள்ளே வந்தாத்தான் தொழில் தெரியும்" என்றார்.

உள்ளே சென்றேன். மிளகு அங்கே மலையாகக் குவிந்திருந்தது. பெண்கள் வரிசையாக அமர்ந்து சுளகில் புடைத்துக்கொண்டிருந்தனர். கொடியிலிருந்து பறித்த பச்சை மிளகு மூன்று கிலோ இருந்தால், காய்ந்தபின் கறுப்பு மிளகு ஏறத்தாழ ஒரு கிலோதான் தேறும். அதிலிருந்தும் காம்பு, தூசி, சிறு கல், உள்ளீடற்ற பதர் ஆகியவற்றை நீக்க வேண்டும். இவ்வாறு தூய்மை செய்த மிளகைக் 'கார்பிள்டு' என்றும், செய்யாததை 'அன்கார்பிள்டு' என்றும் வணிகர் வழங்குவர். உலகச் சந்தையில் கொச்சி மிளகின் தரத்திற்குப் பெயர் வாங்கித் தந்தவை இப்பெண்களின் விரல்கள்.

அண்ணாச்சி ஒரு லிட்டர் கொள்ளும் பாத்திரத்தை எடுத்தார். அதில் மிளகைத் தலை தட்டி நிரப்பித் தராசில் வைத்தார். "ஐந்நூற்று ஐம்பது கிராம் நின்னா நல்ல சரக்கு. குறைஞ்சா உள்ளே பொக்கு இருக்குன்னு அர்த்தம்" என்றார். பிறகு ஒரு பிடி அள்ளிக் கையில் உருட்டி, ஒன்றைக் கடித்து, "இதிலே ஈரம் கொஞ்சம் கூட, இன்னும் ஒரு வெயில் காணணும்" என்றார். அருகில் ஈரமானி இருந்தது. அதை வைத்துப் பார்த்தபொழுது கருவியும் அதையே சொல்லிற்று.

"இதையெல்லாம் எங்கே படிச்சீங்க அண்ணாச்சி?"

"படிக்கிறதா? முதல் மூணு வருஷம் சாக்குத் தைச்சேன் தம்பி. அப்புறம் குத்தூசியாலே மாதிரி எடுத்தேன். அப்புறந்தான் கணக்குப் புஸ்தகத்தைத் தொட விட்டாங்க."

இந்த விடையை நான் குறித்து வைத்துக்கொண்டேன். மருமகனுக்கு வேண்டியது இதுவே என்று பட்டது.

அண்ணாச்சியிடம் நல்லதை மட்டும் கேட்டு வருவது முறையன்று. ஆகவே வணிகம் எப்படி இருக்கிறது என்றும் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. யூதத் தெருவில் 1957-இல் நிறுவப்பட்ட இந்திய மிளகு நறுமணப் பொருள் வணிகச் சங்கம் இருக்கிறது. மிளகின் முன்பேர வணிகம் அங்கேதான் நடந்தது. கூடத்தில் தரகர் கூடி, கையசைத்து, உரக்கக் கூவி விலை சொல்வர். அங்கே எழும் விலையை உலகம் கவனிக்கும். "அந்தச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும்" என்றார் அண்ணாச்சி. பின்னர் கணினி வந்தது, கூவல் நின்றது, முன்பேர வணிகமும் வேறிடங்களுக்குச் சென்றது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வியட்நாம் மிளகு விளைச்சலில் உலகின் முதலிடத்தைப் பிடித்தது. 2011-இல் வல்லார்பாடம் முனையம் திறந்தபின், சரக்குப் பெட்டிகள் ஆலையிலிருந்து நேரே கப்பலுக்குச் செல்கின்றன. பஜார் சாலையில் இறங்கி ஏற வேண்டிய தேவை குறைந்துவிட்டது. பழைய கிட்டங்கிகள் பல, கலைப்பொருள் கடைகளாகவும் உணவு விடுதிகளாகவும் மாறியுள்ளன. 2012-இல் தொடங்கிய கொச்சி-முசிறி பியெனாலே கலை விழாவின் காலத்தில் சில கிட்டங்கிகளில் ஓவியங்கள் தொங்குகின்றன.

இதைத் தீங்கு என்று நான் சொல்லமாட்டேன். கூரை ஒழுகும் கட்டடம் இடிந்து விழுவதைவிட ஓவியம் தொங்குவது மேல். ஆயினும் ஒரு செய்தியை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு கிட்டங்கி கலைப்பொருள் கடையாகும்பொழுது, சுளகு பிடித்த பத்துப் பெண்களின் வேலையும், மூட்டை சுமந்தவரின் கூலியும் அங்கே இல்லாமற் போகின்றன. சுவர் அப்படியே இருக்கும், வாழ்வு வெளியேறியிருக்கும்.

மூட்டை சுமப்போரைப் பற்றிச் சொல்லும்பொழுது ஒரு பழைய நிகழ்ச்சியைச் சொல்லாமல் இருத்தல் ஆகாது. துறைமுக வேலைக்கு ஆள் எடுக்க இங்கே ஒரு காலத்தில் 'சாப்பா' முறை இருந்தது. வேலை கேட்டு நிற்கும் கூட்டத்தினிடையே உலோக வில்லைகளை வீசுவர். முட்டி மோதி வில்லையைப் பிடித்தவனுக்கு அன்று வேலை. பிடிக்காதவனுக்கு அன்று பட்டினி. இந்த இழிவை எதிர்த்துத் தொழிலாளர் போராடினர். 1953-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் மட்டாஞ்சேரியில் போலீசார் சுட்டதில் தொழிலாளர் உயிர் இழந்தனர். சாப்பா முறை பின்னர் ஒழிந்தது. 1978-இல் சுமைத் தொழிலாளருக்கெனக் கேரளம் தனிச் சட்டமே இயற்றியது. இன்று பஜார் சாலையில் நீலச் சட்டை அணிந்து நிமிர்ந்து நடக்கும் சுமைத் தொழிலாளியின் நிமிர்வுக்கு அந்த நாளும் ஒரு காரணம். வெளியூரிலிருந்து வரும் பிள்ளை எவனும் இதை அறிந்திருக்க வேண்டும். தான் பெறும் கூலிச் சீட்டும் விடுமுறையும் யாரோ கேட்டுப் பெற்றுத் தந்தவை என்று அவனுக்குத் தெரிந்திருத்தல் நல்லது.

பிற்பகலில் தெருக்களைச் சுற்றினேன். சில பர்லாங்கு தூரத்திற்குள் எத்தனை மொழிகள்! குஜராத்தி வணிகர் தெரு, சமணக் கோயில், கொங்கணியர் போற்றும் திருமலைக் கோயில், கச்சி மேமன்களின் பள்ளிவாசல், 1568-இல் கட்டிய பரதேசி யூதரின் தொழுகைக் கூடம் எல்லாம் அடுத்தடுத்து நிற்கின்றன. யூதர்களில் பெரும்பாலோர் 1948-க்குப் பின் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். தெருவுக்கு மட்டும் அவர்கள் பெயர் நிலைத்தது. இவர்களில் எவரும் இந்த ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தவர் அல்லர். ஒவ்வொருவரும் ஏதோ ஒரு தொழிலைக் கையில் கொண்டு வந்தனர். ஊரும் அவர்களை அத்தொழிலால் அடையாளம் கண்டு ஏற்றுக்கொண்டது.

நம்மவரும் அவ்வாறே. வேளியில் உள்ள சலவைத் துறைக்குச் சென்றேன். டச்சுக்காரர் காலத்தில் படைவீரரின் உடைகளை வெளுக்க அழைத்து வரப்பட்டவர்களின் வழிவந்தோர் என்று அங்குள்ள தமிழ்க் குடும்பத்தார் தம்மைப் பற்றிக் கூறுவர். குளங்களில் துவைத்துவந்த அவர்களுக்கு, 1976-இல் தனித்தனித் தொட்டிகளும் கல்லும் உள்ள இப்போதைய துறை கட்டித் தரப்பட்டது. முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கிடையே துணி முனையைச் செருகிக் காயவிடுகின்றனர். கவ்வி எதுவும் தேவையில்லை. காற்று வலித்தாலும் துணி விழுவதில்லை. அங்கே ஓர் அம்மையார் கஞ்சி போட்ட வேட்டியை உதறிக்கொண்டே என்னுடன் பேசினார். அவருடைய தமிழில் மலையாளம் கலந்திருந்தது. ஆனால் என் பிள்ளைகள் பேசும் தமிழைவிட அது தமிழாகவே இருந்தது. பல தலைமுறை கடந்தும் அம்மொழி பிழைத்திருப்பதற்குக் காரணம், அவர்கள் அதிலேயே வேலை செய்கிறார்கள் என்பதே. கணக்குக் கேட்பதும் கூலி பேசுவதும் பிள்ளையைக் கண்டிப்பதும் தமிழில். நம் வீடுகளிலோ தமிழ் பண்டிகை நாளுக்குரிய பட்டு வேட்டியாகி வருகிறது.

இவ்விடத்தில் தொலைவிலுள்ள ஓர் ஊர் என் நினைவுக்கு வந்தது. இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் 'சந்தையூர்' எனப்படும் சிறு ஊர்கள் பல உண்டு. வாரத்தில் குறித்த நாளில் சந்தை கூட்டும் உரிமையை அரசர் எழுதிக் கொடுக்க, அதனால் வளர்ந்த ஊர்கள் அவை. லெஸ்டர்ஷயரில் உள்ள ஒன்றுக்கு மார்க்கெட் ஹார்பரோ என்றே பெயர். அங்கே 1614-இல் ஒரு பள்ளிக்கூடம் கட்டினர். ஊர் நடுவே சந்தை கூடும் இடம். அதை இழக்கவும் மனமில்லை. ஆகவே கட்டடத்தை மரத் தூண்களின் மேல் தூக்கி நிறுத்தினர். மேலே பிள்ளைகள் பாடம் படித்தனர். கீழே நிழலில் வெண்ணெய் விற்றனர். அக்கட்டடம் இன்றும் நிற்கிறது. நான் படத்தில் மட்டுமே கண்டிருக்கிறேன். எனினும் எந்தப் பெரிய மாளிகையைவிடவும் அது என் மனத்திற்குப் பிடித்தது. படிப்பு வேறு, பிழைப்பு வேறு என்று அவ்வூரார் கருதவில்லை. நாளங்காடியும் அல்லங்காடியும் நடந்த மதுரையைப் பாடிய நம் முன்னோரும் அங்காடியைத் தாழ்வாக எண்ணியதில்லை.

நாமோ இப்பொழுது வேறு விதமாக எண்ணுகிறோம். பிள்ளை பட்டம் பெற்றுவிட்டால் மூட்டையைத் தொடலாகாது என்பது நம் நினைப்பு. மருமகன்கூடத் தொலைபேசியில், "மாமா, ஏசி அறையா, கிட்டங்கியா?" என்றுதான் முதலில் கேட்டான். "கிட்டங்கிதான், ஆனால் அங்கே கற்கிற வித்தை ஏசி அறையில் கிடையாது" என்றேன்.

அன்று இரவு தமக்கைக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினேன். குறைகளை முதலில் சொன்னேன். வீட்டு வாடகை அதிகம், அறை சிறியது. கோடையில் குடிநீருக்குத் தட்டுப்பாடு வருவதுண்டு. மழைக் காலத்தில் சாலையில் நீர் தேங்கும். காயல் ஓதம் ஏறும் நாளில் தாழ்ந்த வீடுகளுக்குள் நீர் வரும். தொழிலும் முன்போல் பெருகுவது அன்று, சுருங்கி வருவது. ஆகவே இவ்வேலையை ஆயுள் முழுவதற்கும் நம்பி அனுப்ப வேண்டாம். இரண்டு ஆண்டுப் படிப்பு என்று எண்ணி அனுப்பலாம் என்றேன். ஐந்து நிபந்தனைகளும் எழுதினேன். வேலை உத்தரவு எழுத்தில் வேண்டும். வைப்புநிதி பிடித்தம் முதல் மாதத்திலிருந்தே இருக்க வேண்டும். முதல் மூன்று மாதம் அண்ணாச்சியிடம் சரக்கின் தரம் பார்க்கக் கற்க வேண்டும். ஆறு மாதத்திற்குள் மலையாளம் எழுதப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏற்றுமதிக்கு வேண்டிய ஆவணங்களையும் தாவர நலச் சான்று பெறும் முறையையும் கற்க வேண்டும்; நறுமணப் பொருள் வாரியத்தின் தலைமையகமே கொச்சியில் இருப்பது இதற்கு வசதி. கிட்டங்கி நாளை கலைக்கூடமாக மாறினாலும் இவ்வைந்தும் அவன் கையில் இருக்கும்.

தமக்கையார் மூன்று நாள் எண்ணிப் பார்த்து அனுப்பினார். மருமகன் வந்து ஏழு மாதம் ஆகிறது. சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்புகிறான். முதல் மாதம் தும்மிக்கொண்டே இருந்தான். இப்பொழுது கையில் உருட்டிப் பார்த்து ஈரம் சொல்கிறான். பத்தில் ஆறு முறை சரியாக இருக்கிறதாம். தெரு விளம்பரங்களின் மலையாளத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். ஊர்ப் பெயரைச் சொன்னால் தமக்கையின் குரலில் இன்னும் சிறிது நடுக்கம் உண்டு. அது எந்தத் தாய்க்கும் உள்ளதே.

நம் சங்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து உறவினர் வந்தால் அரண்மனையையும் தொழுகைக் கூடத்தையும் காட்டுகிறோம், காட்டத்தான் வேண்டும். சனிக்கிழமை தொழுகைக் கூடம் அடைத்திருக்கும் என்பதையும் நினைவில் கொள்க. அதோடு, பள்ளி விடுமுறையில் ஒரு வேலை நாளன்று நம் பிள்ளைகளைப் பஜார் சாலைக்கும் அழைத்துச் செல்லுங்கள். காலை பத்து மணிக்குச் சென்றால் மூட்டை இறங்குவதைக் காணலாம். ஒரு லிட்டர் மிளகு எத்தனை கிராம் நிற்கிறது என்று அவர்களையே நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு வேளிக்கு அழைத்துப் போய், அங்குள்ளோருடன் தமிழில் பேச விடுங்கள். தாத்தாவும் அப்பாவும் எதற்காக மலையைக் கடந்து வந்தனர் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல ஏற்ற இடம் அதுவே. சங்கம் ஒரு நாள் குறித்தால், வழி காட்டுவதற்கு அண்ணாச்சி இசைந்திருக்கிறார்.